ஸ்டெப்னி இல்லாத வீடு

பட்டாசு வெடித்தால் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். என் கைகள் ஸ்டீயரிங்கைத் தேடும். வீட்டில் நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, தெருமுனையில் ஓர் அணுகுண்டு வெடித்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது, பிரேக் அங்கேதான் இருக்கிறது என்பதுபோல. இரண்டு தீபாவளிக்கு முன்னால், பண்டிகைக்கு மறுநாள் காலை, உடுமலைப்பேட்டையைத் தாண்டி அமராவதி நகர் போகும் சாலையில் என்னைத் தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

திருப்பூரில் காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. நாலே நாலு மெஷின். அதற்கு முன்னால் என் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருஷம் ஓவர்லாக் டெய்லர். இருபது வருஷம் குனிந்தே இருந்த முதுகு ஒருநாள் நிமிர மாட்டேன் என்றது. ஆபரேஷன் நடந்தது. நடக்கிறாள், நிற்கிறாள், படுக்கிறாள். உட்காரத்தான் முடியாது. கால் மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை நெருப்பு ஓடும். இன்னொன்றும் உண்டு, அதை வாய்விட்டுச் சொல்லக் கூசுவாள். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும், வந்துவிட்டால் அடக்க முடியாது. அதனாலேயே கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதற்கும் வரமாட்டாள். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

ஒரு மத்தியானம், மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்கியாச்சும் தண்ணி பாக்கோணும் போல இருக்குதுங்க. நெறையத் தண்ணி."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் ஓடும் சத்தத்துக்குள் அந்தச் சொல் ஓடியது. படுத்தால் தலையணைக்குள் ஓடியது. அடுத்த மாதமே, ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வேன் ஒன்றை வாங்கிவிட்டேன். ஸீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, ஜன்னல் மட்டத்துக்கு ஒரு படுக்கை. படுத்துக்கொண்டே வயல் பார்க்கலாம், மேகம் பார்க்கலாம். பின்னால் ஒரு சின்னத் தடுப்பு, அதற்குள் ஒரு கழிப்பறை.

சிக்கல் அந்தக் கழிப்பறையில் வந்தது. கழிவுத் தொட்டியை எங்கே மாட்டுவது? வெல்டிங் பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கீழ காலி எடம் ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஸ்டெப்னி தொங்கற எடம். ஒண்ணு ஸ்டெப்னி, இல்லாட்டித் தொட்டி. என்ன பண்ணலாம் சொல்லுங்க."

"ஸ்டெப்னியை மேலே ஏத்திட்டா?"

"ஏத்தலாம். ரோட்டுல நின்னு எறக்கறது ஆருங்க, நீங்களா?" என்று என் தோளை ஒரு பார்வை பார்த்தார். "பின்கதவுல பிராக்கெட் அடிச்சு மாட்டிக் குடுத்தர்றனுங்க. ஆனா, இப்ப நான் தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். லீவு முடிஞ்சு வந்து அடிச்சுத் தர்றேன். அது வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

நான் கேட்டேனா? எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் இருப்பு வைக்க மாட்டோம். ஊசி உடைந்தால் பக்கத்து யூனிட்டுக்கு ஓடுவோம், நூல் தீர்ந்தால் எதிர் யூனிட். பெல்ட் அறுந்தால் சந்து முனையில் யாரிடமாவது ஒன்று இருக்கும். அந்த நம்பிக்கையிலேயே ஊர் ஓடுகிறது. ரோட்டுக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு கம்பெனி வேன் போகும், எல்லாம் இதே ஜாதி வண்டி, இதே சக்கரம். கை காட்டினால் கிடைத்துவிடும் என்று ஒரு தெம்பு. தீபாவளி லீவில் எல்லாக் கம்பெனியும் பூட்டியிருக்கும், எல்லா வேனும் நின்றிருக்கும், மெக்கானிக்கிலிருந்து பஞ்சர் ஒட்டுகிறவர் வரை தெற்கே சொந்த ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள் என்பது, திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பண்டிகைக்கு மறுநாள் காலை அமராவதி அணைக்குக் கிளம்பினோம். வண்டியில் ஏறும்போது படியில் கால் வைத்தபடி என் மனைவி கேட்டாள். "ஸ்டெப்னி இருக்குதுங்களா?"

"எல்லாம் இருக்குது. நீ ஏறு."

உடுமலை தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை. தூரத்தில் காற்றாலைகள் அவசரமே இல்லாமல் கை வீசிக்கொண்டிருந்தன. மலை நீலமாக எழும்பி எழும்பிக் கிட்டே வந்தது. பின்னாலிருந்து அவள் குரல், சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல. "கொக்கு... வாய்க்கா... ஏனுங்க, அங்க பாருங்க, ஒரு கெணத்து மேட்டுல மயிலு." நடுவில் ஒரு தடவை அந்தச் சின்னத் தடுப்புக்குள் போய்விட்டு வந்து, யாருக்கும் சொல்லக் கூசுகிற அந்த விஷயம் இத்தனை சுலபமாக முடிந்துவிட்ட வியப்பில் திரும்பித் திரும்பி அந்தக் கதவையே பார்த்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டமார்.

யாரோ பையன்கள் அணுகுண்டு வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "தீபாவளி இன்னும் முடியல போல" என்று சிரித்துக்கொண்டே ஓட்டினேன். வண்டி லேசாக இழுத்தது. ரோடு சரியில்லை என்று அதையும் தள்ளிவிட்டேன். முழுசாக ஒரு பர்லாங்கு போன பிறகு அவள்தான் சொன்னாள்: "என்னங்க, வண்டி ஒரு பக்கமா நொண்டுதே."

இறங்கிப் பார்த்தேன். பின்பக்க இடது டயர் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. உடனே நிறுத்தியிருந்தால் ஒப்பேறியிருக்குமோ என்னவோ. ஒரு பர்லாங்கு ஓட்டி நானே அதற்குக் கருமாதியும் செய்திருந்தேன்.

"பஞ்சருங்களா? ஸ்டெப்னிய மாத்துங்க" என்றாள் ஜன்னல் வழியாக.

நான் குனிந்து, வண்டிக்கு அடியில் இருந்த தொட்டியைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையைத் தலையணையில் வைத்து, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"ஊட்டுலயே இருந்திருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு கதவு ஒரு விரற்கடை திறந்தது, அதை நானே அறைந்து சாத்திவிட்டேன் என்று தெரிந்தது. இன்றைக்கு இவள் இப்படியே திரும்பினால் இனி எந்த ஜென்மத்துக்கும் வாசல் தாண்ட மாட்டாள்.

போன் மேல் போன் போட்டேன். ஒரு மெக்கானிக் மதுரையில் இருந்தார். இன்னொருவர் தேனியில், மாமியார் வீட்டில். டயர் கடைக்காரர், "நாலு நாள் கழிச்சு வாங்கண்ணே" என்று வைத்துவிட்டார். வெயில் ஏறியது. வேனின் தகரம் சுட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத்தில் இரண்டு டிராக்டரும் ஒரு பால் வண்டியும் போயின, அவ்வளவுதான்.

பிறகு ஒரு பைக் எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், பின்னால் அவர் மனைவி, மடியில் பலகாரத் தூக்கு. இருவர் உடுப்பிலும் புதுத்துணி மஞ்சள் இன்னும் காயாததுபோல் இருந்தது.

"ஏனுங்கண்ணா, கம்பெனி வண்டிங்களா?" என்று கேட்டபடி டயரைப் பார்த்தார். "அடேங்கப்பா. ஸ்டெப்னி எங்கீங்க?"

சொன்னேன். தொட்டியைப் பற்றிச் சொன்னேன், பிராக்கெட்டைப் பற்றிச் சொன்னேன், என் அவசரத்தைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "நானும் கம்பெனி வண்டிதானுங்க ஓட்டறேன். இதே வண்டி. லீவுக்கு எங்க ஊட்டு வாசல்லதான் நிக்குது. வண்டிய எடுத்தா ஜிபிஎஸ்ல கம்பெனிக்குத் தெரிஞ்சு போவும். ஸ்டெப்னிக்கு ஜிபிஎஸ் இல்லீங்க" என்றார். தன் மனைவி பக்கம் திரும்பி, "நீ இங்கியே இரு. அக்கா தனியா இருக்குது."

"எங்கம்மா கறி ஆக்கி வெச்சுட்டு மடத்துக்குளத்துல வாசலப் பாத்துட்டு நிக்கும்."

"உங்கம்மா கறி எங்க ஓடப் போவுது? அதுல மெதக்கற எலும்புக்குக் காலா இருக்குது?"

"வாயி! கம்பெனி வண்டிக்கு ஹாரனே வேண்டாம், இந்த வாயி போதும்" என்று அந்தப் பெண் இறங்கிக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் பைக்கின் பின்ஸீட்டில் கயிறு போட்டுக் கட்டிய சக்கரத்தோடு வந்தார். வந்ததும் புதுச்சட்டையைக் கழற்றி வேனின் கண்ணாடியில் மாட்டினார். ஜாக்கியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"ஆள் உள்ள இருந்தா ஜாக்கி ஏத்த மாட்டனுங்க. அக்காவ எறக்கோணும்."

என் மனைவியின் முகம் சுருங்கியது. நடுரோட்டில், யாரோ பார்க்க, எங்கே போய்ப் படுப்பாள்? அந்தப் பெண் அதற்குள் பக்கத்துத் தோப்பில் இருந்த சாளை வீட்டுக்கு ஓடியிருந்தாள். ஒரு கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து ஒரு தென்னை மரத்தடியில் போட்டாள்.

"தென்னைக்கடியிலயா போடுவே? டயருக்காச்சும் ஸ்டெப்னி உண்டு. தலைக்கு எங்க போறது?" என்றார் அவர்.

என் மனைவி சிரித்துவிட்டாள். கட்டில் புளிய மரத்தடிக்கு மாறியது. அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அவளாகவே இறங்கி, அவளாகவே நடந்து போய்ப் படுத்தாள். இலைகளுக்கு இடையே சல்லடையாக விழுந்த வெயில் அவள் முகத்தில் அசைந்தது.

நாங்கள் நட்டைக் கழற்றினோம். அந்தப் பக்கம் பேச்சு நடந்தது. அந்தப் பெண்ணும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தன் புதுச் சுடிதாரின் பக்கவாட்டுத் தையல் ஏன் இப்படிச் சுருங்கி நிற்கிறது என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி படுத்தபடியே, பார்க்காமலே, தையலை விரலால் ஒரு தடவு தடவினாள்.

"நூல் டென்ஷன் கூட வெச்சுட்டாங்க கண்ணு. பிரிச்சுத் தைச்சாச் செரியாயிரும்."

ஸ்பேனரோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் துணியைத் தையல்காரியாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு அந்தப் பெண், வண்டிக்குள் இருக்கும் பாத்ரூமைப் பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டாள். சக்கரம் மாட்டி ஜாக்கியை இறக்கியதும் ஏறிப் பார்த்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அக்கா, நாங்க கம்பெனி வண்டில போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். காலைல ஏறுறதுக்கு முந்தி ஒரு பொம்பளையும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டோம். எங்காளு டிரைவருதான், இதுவரைக்கும் அவருகிட்டக் கூடச் சொன்னதில்ல." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க தப்புப் பண்ணலீங்கண்ணா. ஸ்டெப்னியா இதுவான்னா, இதுதான். ரெண்டுமே வெச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அவள் கணவர் கையிலிருந்த கிரீஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார்.

சக்கரத்துக்கு ஈடாக என் லைசென்ஸைக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். "கம்பெனி தொறக்கற அன்னிக்குக் காலைல இது என் வண்டில இருக்கோணுமுங்க. இருபத்திரண்டு பேரு ஏறுவாங்க. அதுக்கு முந்தி கொண்டாந்து குடுத்துருங்க, அவ்வளவுதான்."

அவர்கள் போனதும் நான் வண்டியைத் திருப்பினேன். மறுபடியும் ஸ்டெப்னி இல்லை. இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"எங்கீங்க திருப்பறீங்க?" என்றாள் பின்னாலிருந்து. "இத்தனை தூரம் வந்துட்டுத் தண்ணி பாக்காமப் போறதா?"

அணை நிறைந்திருந்தது. மலையின் காலடி வரை தண்ணீர், தண்ணீருக்குள் மலை. பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தேன். ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்று வந்து அவள் நரைமுடியைக் கலைத்தது, அவள் ஒதுக்கவில்லை. போகலாமா என்று நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "இருங்க" என்றாள்.

நாலாம் நாள் டயர் கடை திறந்தது. பட்டறைக்காரர் ஊரிலிருந்து வந்து, என்னைத் திட்டிக்கொண்டே பின்கதவில் பிராக்கெட் அடித்தார். இரவல் சக்கரத்தைக் கழுவித் துடைத்து நான் மட்டும் புறப்பட்டபோது, அவள் தலை வாரி, சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "எனக்காகத்தானே வாங்குனீங்க, நாந்தானே குடுக்கோணும்" என்றாள்.

வீடு போலொரு வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்டெப்னி எடுத்துப்போவது அவசியமா என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டால், தலையை அடகு வைத்தாவது எடுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அது என்னிடம் இருந்திருந்தால், கால் மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு, அந்தப் புளிய மர நிழலை ஒரு பார்வை கூடப் பார்க்காமல் கடந்து போயிருப்பேனே என்ற நினைப்பும் கூடவே வருகிறது. அவளை வெளியே கொண்டு வந்தது நான் வாங்கிய வண்டி என்று இருந்தேன். கட்டிலைத் தலையில் சுமந்து வந்த ஒரு பெண்தான் கொண்டு வந்தாள்.

அவர்கள் ஊரில் சக்கரத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, புறப்பட்டோம். அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள்.

"அக்கா, அடுத்த தடவ வண்டி கெடாமயே வாங்க."

"வாரேன் கண்ணு" என்றாள் என் மனைவி. "என்னிக்குன்னு சொல்லு, வாரேன்."