முதல் கரண்டிப் பாகு

பக்கத்து வீட்டில் வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை வந்ததும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

செஞ்சியில், சாயங்காலமானால் ராஜகிரி மலையின் நிழல் வந்து விழும் எங்கள் கரும்பாலை இருந்த இடத்தில் இன்று வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். எண்பதுகளில், வருடாவருடம் மார்கழியில் முதல் கொப்பரைக் கரும்புச்சாறு கொதிக்கும் நாளன்று, டீசல் இன்ஜின் படபடக்க, சக்கைப் புகை கண்ணைக் கரிக்க, கடைத்தெரு பாய் வீட்டார் முதல் கரும்பு வெட்டுகிறவர்கள் வரை ஊரே பூவரச இலையோடு அங்கே கூடிவிடும். முதல் கரண்டிப் பாகு ஆலைக்கார வீட்டுக் கடைக்குட்டிக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஊற்றவேண்டும், மற்றவர்களுக்கெல்லாம் அதற்கப்புறம்தான். எங்கள் வீட்டில் அது தம்பி சேகர். ஊதி ஊதிப் பார்த்தும் பொறுக்காமல் வருடாவருடம் நாக்கைச் சுட்டுக்கொள்வான்.

ஒரு வருடம் ஆவணியில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்த மார்கழியில் பாகு பதத்துக்கு வந்ததும், புகைக்குள் குனிந்திருந்த எங்கள் நைனா பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"சேகரு, எலைய எடுத்துகினு வாடா!"

நைனா கரண்டியோடு அப்படியே நின்றார். கூட்டத்திலிருந்து அம்மா எழுந்து வந்து இலையை நீட்டினாள்.

"பாத்து ஊத்துய்யா. புள்ள சூடு தாங்க மாட்டான்."