தபித்தாளும் மூன்று பலகைகளும்

தபித்தாள் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பால்காரரை நிறுத்திவைத்து, அவர் எதிரிலேயே பாலைக் காய்ச்சிப் பார்ப்பாள். சர்ச்சில் கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் கைப்பை மடியில் அழுந்தியிருக்கும். கட்டபெட்டுக்கு மேலே இருந்த எஸ்டேட் பங்களாவுக்கு இருபத்தேழு வயதில் சமையலுக்கு வந்தவள். கணவர் இறந்த பிறகும் பின்கட்டு அறையிலேயே இருந்துவிட்டாள். வேறு வீடு கிடையாது.

பச்சைத் தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடிய மூன்றாம் வருஷம், கோயம்புத்தூரிலிருந்து முதலாளி போன் செய்தார். பலகைத் தரை நன்றாக இருந்தால் பங்களாவை விடுதியாக்கலாம், அவளும் இருக்கலாம். உளுத்திருந்தால் இடித்து, இடத்தை விற்றுவிடுவார். பார்க்க ஆசாரி வருவார்.

வந்தவர் கருணாகரன், ஊட்டிக்காரர். சாப்பாட்டு அறையைக் குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்தார்.

"அடியில எறங்க வழி இருக்குதுங்களா அக்கா?"

"இல்லீங்க."

"அப்ப மூணு பலகையைப் பேத்தெடுக்கோணும்."

மூடிய பங்களாக்களின் கதவும் ஜன்னலும் லாரியேறிப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். இது தேக்கு. தரை போச்சு என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பேத்த பலகை எங்க போகுமுங்க?"

"எங்க ஊட்டுக்குத்தான். கால் மொளச்சு நடந்து வந்துருமுங்க."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பங்கரையிலிருந்து கரித்துண்டு எடுத்துவந்து மூன்று பலகையிலும் எண் போட்டாள்.

அவர் அதற்குள் வெளியே போயிருந்தார். அடிச்சுவரில் காற்றுக்காக விட்டிருந்த ஏழு துளைகளும் கல்லும் மண்ணுமாக அடைபட்டிருந்தன.

"இத ஆருங்க அடச்சது?"

"வெள்ளைக்காரன் காலத்துலயே அப்படித்தானாம்."

ஒரு கல்லை நெம்பினார். பின்னால் திணித்திருந்த மஞ்சள் பை வெளியே வந்தது.

"வெள்ளைக்காரன் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையெல்லாம் வெச்சிருந்தானுங்களா?"

பலகை இடுக்கில் ஏறிய குளிருக்காகப் பத்து வருஷத்துக்கு முன் அடைத்தது அவள்தான். உள்ளே போனாள்.

பலகைகள் பெயர்ந்ததும் சேலையைத் தூக்கிச் செருகினாள். "மொதல்ல நான் எறங்கறேன். உளுத்தது எப்படிங்க தெரியும்?"

"பலகையத் தாங்கற கட்டையில ஆணியக் குத்துங்க. எறங்குனா போச்சுன்னு அர்த்தம்."

அடியில் இரண்டடி உயரம்தான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்தாள். நடுவில் எந்தக் கட்டையிலும் ஆணி இறங்கவில்லை. சுவரோரம் போனதும் பொதுக்கென்று இறங்கியது. நாலு கட்டை. எல்லாம் துளைகளை ஒட்டியவை.

மேலே வந்தவள் எத்தனை என்று சொல்லவில்லை. அவரும் இறங்கி ஏறினார். முதலாளிக்கு அவர் போன் செய்தபோது அவள் ரிசீவரை ஒட்டி நின்றாள்.

"நாலு கட்டை மாத்துனாப் போதுமுங்க. மத்ததெல்லாம் இரும்பு. காத்து போக வழியில்லாம ஓதம் ஏறிருச்சு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆரு அடச்சாங்களோ தெரியலீங்க. பழைய அடப்பு."

மாற்றச் சொல்லிவிட்டார் முதலாளி. தபித்தாள் அங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"எம் பேர ஏனுங்க சொல்லல?"

"சொல்லோணுமுங்களா?"

இதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கடப்பாரையோடு வெளியே போனாள். அவர் குடித்து முடிப்பதற்குள் மீதி ஆறு துளைகளையும் திறந்து, உள்ளே இருந்த பைகளையெல்லாம் அடுப்பில் போட்டாள்.