சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்

இது போன மாதம் நடந்தது.

கல் நிலத்தில் மெதுவாக உழ வேண்டும்; எங்கள் பழைய டிராக்டர் அவ்வளவு மெதுவாகப் போகாது. லாரியிலிருந்து கழற்றிய கியர் பெட்டி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினால் சரியாகும் என்றார் ஒரு மெக்கானிக். செஞ்சியில், கோட்டைக்குப் போகும் சரிவில் அவர் பட்டறை. எங்கள் நல்ல பல்சக்கரங்களை உருவிவிடுவாரோ என்று நான்கு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாள் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைத்தார்.

"கியர்லதானே நிக்குது, கல்லு எதுக்கு?" என்றேன்.

"இப்ப ரெண்டு பெட்டி சார். ஒண்ணு நியூட்ரலுக்குப் போனாலும் வண்டி உருண்டுடும். புதுப் பெட்டியோட கியர் ராடைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. உதவிக்கு வந்திருந்த என் மகன் வண்டிக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். நான் ஏறி, புது ராடை இழுத்துப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது.

"நைனா!" என்று அடியிலிருந்து மகன் அலறினான்.

சக்கரம் அந்தக் கல்லைச் சாண் தூரம் தள்ளிக்கொண்டுபோய் நின்றது.

மெக்கானிக் ஓடிவந்தார். "யாரு ராடைத் தொட்டது?"

நான் அதற்குள் கீழே இறங்கி, குனிந்து மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாண்ணே. அடியில கை பட்டுடுச்சு" என்றான் மகன், மண்ணோடு எழுந்து.

"அறிவு இருக்குதாடா உனக்கு? உங்க நைனாவைப் பாரு, எப்படி நடுங்குறாரு!"

அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திருடிவிடுமோ என்று நான்கு நாளாக நான் காவல் இருந்த கை அது. வாங்கிக் குடித்தேன், அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.