காதுக்கும் காலுக்கும்

எனக்குப் பெண் பேசியபோது ஓசூரில் வாத்தியாராக இருந்தேன். பெண் வீடு பாரூர். எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஓசூரைத் தாண்டிவிட்டால் மைசூர் ராஜ்யம், அங்கே கடை திறந்திருக்கும். அதனால் ஓசூர்க்காரன் கால் தடுக்கினாலே, எல்லை தாண்டிப் போய்வந்தவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எனக்கோ அந்த மாதம் ஒரு புது வியாதி. குனிந்து நிமிர்ந்தாலும், படுத்து வலப்பக்கம் திரும்பினாலும் சுவரெல்லாம் சுற்றும். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். பித்தம் என்றார்கள். எலுமிச்சம்பழமாகப் பிழிந்து குடித்துப் பல் கூசியதுதான் மிச்சம்.

நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா காலில் விழச் சொன்னார்கள். விழுந்ததென்னவோ சரியாகத்தான் விழுந்தேன். எழுந்தபோது பந்தலே சுழன்றது. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அது அவிழாதது என் முன்னோர் செய்த புண்ணியம்.

"வாய ஊது தம்பி" என்றார். ஊதினேன்.

"வெத்தல பாக்கு போட்டு மறைச்சிருக்கான்" என்றது பின்னால் ஒரு குரல். வெற்றிலைத் தட்டை நீட்டியதே அவர்கள்தான்!

தட்டு மாற்றாமலே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெண்ணை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். இவள் எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

பெங்களூர் போய் டாக்டரைப் பார்த்தேன். படுக்கவைத்துத் தலையைத் திருப்பி, என் கண்ணையே கவனித்தார். உடம்பைத் தள்ளாடாமல் வைத்திருப்பது உள்காதுதானாம். அதில் கோளாறு வந்தால் தலை ஒரு பக்கம் சாயும்போது கிறுகிறுக்குமாம், விழியும் தானாகத் துடிக்குமாம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார். நேரே பாரூருக்கு ஓடினேன்.

"எங்க போயிட்டு வர்ற?"

"பெங்களூர்."

அங்கிருந்த பங்காளிகள் சிரித்தார்கள். குடிக்கவில்லை என்று நிரூபிக்க, குடிக்கிற ஊருக்கே போய்வந்த மடையன் நான்! இருந்தாலும் டாக்டர் காதைப் பற்றிச் சொன்னதை ஒப்பித்தேன்.

"காதுக்கும் காலுக்கும் என்னாப்பா சம்மந்தம்?" என்றார் பெண்ணின் அப்பா.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் எதிரிலேயே பாயில் மல்லாந்து, தலையை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினேன். "என் கண்ணப் பாருங்க மாமா!" விழி துடித்து ஓடியது அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வீடே உருண்டது.

"இன்னொருக்கா திருப்பச் சொல்லுங்க" என்றார் ஒரு பங்காளி. திருப்பினேன். குமட்டிக்கொண்டு வந்தது.

அதற்குள் பெண் உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"போதும்ப்பா, அவர எழுப்பி உக்கார வைங்க. கட்டிக்கப் போறது நானு. எனக்குச் சந்தேகமில்ல."

அவள் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். முகத்தைத்தான் சரியாகப் பார்க்க முடியவில்லை. அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.