மூன்றாம் மகன் என்ற பெயரில் ஒரு பெண்

நான் எழுதிய அந்த நாவலின் ஒரு படிகூட இன்று என் வீட்டில் இல்லை. ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி தெரிந்தெடுக்கும்போது யாராவது என்னை மறித்து, "உங்கட சப்பான் கதை நல்லாயிருந்தது" என்றால் நான் நன்றி சொல்வதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறேன். தலைக்கனம் பிடித்தவன் என்று ஊருக்குள் பேச்சு. இருக்கட்டும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஒஸ்லோவின் கிழக்குப் புறத்து முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் இலக்கணம் கற்பித்தவன். இங்கே படுக்கை விரிப்புகளை மடித்தேன். பெரிய விரிப்பை மடிப்பதற்கு இருவர் வேண்டும். மறுமுனையைப் பிடித்தவர் ஒரு ஜப்பானியப் பெண்மணி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நோர்வேக்காரர் ஒருவரை மணந்து இந்நாட்டுக்கு வந்து, பின்னர் தனித்து வாழ்ந்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இரவல் நோர்வேஜிய மொழி ஒன்றுதான். அந்த மொழியிலேயே தம் தாயின் கதையை, விரிப்புக்கு ஒரு வாக்கியமாக, ஓராண்டு முழுவதும் எனக்குச் சொன்னார்.

அதைத் தமிழில் நாவலாக எழுதலாமா என்று கேட்டேன். மறுவாரம் இரண்டு நிபந்தனைகளோடு வந்தார். இயற்பெயர்கள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும். ஆனால் மாற்றும் பெயர்கள் அந்த ஊரில், அந்தக் காலத்தில், அத்தகைய மனிதர்கள் உண்மையாகவே வைத்துக்கொள்ளக்கூடியவையாக இருக்க வேண்டும். தாயின் குடும்பப் பெயரை மட்டும் மாற்றக் கூடாது. அது அவருடைய தாய் பிறந்த வீட்டின் பெயர். தாயின் தந்தை மூன்றாம் மகன். மூத்தவர் இருவரும் மணமாகுமுன் கடலில் போய்விட்டார்கள். மூன்றாமவருக்குப் பிறந்தவை எல்லாம் பெண்கள். மணமானதும் ஒவ்வொருத்தியும் கணவன் வீட்டுப் பெயருக்கு மாறினாள். அவ்வாறு அந்தத் துறைமுகத்தில் அப்பெயர் முடிந்துபோயிற்று.

"கல்லறையில் மட்டும் இருக்கிறது. ஒரு புத்தகத்திலும் இருந்தால் நல்லது. எந்த மொழியானால் என்ன" என்றார்.

நான் வாக்குக் கொடுத்தேன்.

மற்றப் பெயர்களைத் தெரிந்தெடுப்பதற்கு ஐந்து மாதங்கள் சென்றன. நூலகத்திலும் இணையத்திலும் கிடைத்த பட்டியல்களிலிருந்து நாள்தோறும் நாலைந்து பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போவேன். முதல் நாள் கதாநாயகிக்கு 'சகுரா' என்று கொண்டுபோனேன். செர்ரிப் பூ, அழகாக இருக்குமென்று எண்ணினேன். விரிப்பைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தார்.

"மீன் உலர்த்துகிறவர் வீட்டில், போர்க்காலத்தில் பிறந்த பிள்ளைக்கா? இது உங்கள் மகளோடு பள்ளிக்கூடம் போகிறவளின் பெயர்."

அந்தத் தலைமுறைப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் 'கோ' என்று முடியும் என்று கற்றேன். அடுத்த வீட்டுக்காரனுக்கு நான் எடுத்துப்போன குடும்பப் பெயரைப் பார்த்து, அது தெற்குத் தீவுகளில் வழங்குவது, வடகடலோரத்தில் அப்படி ஒருவன் இருந்தால் ஊரே அவனை எங்கிருந்து வந்தாய் என்று கேட்கும் என்றார். இன்னொரு பெயர் வாள்வீரர் படங்களில் மட்டுமே வரும் என்று தள்ளினார். பொதுவான குடும்பப் பெயர்களில் வயலும் மலையடியும் ஆற்றுமுகமும் இருப்பதைக் கண்டு நான் மகிழ்ந்தபோது, "மகிழாதீர்கள், பொருளைப் பார்த்துப் பெயர் தேர்ந்தால் எல்லாரும் விவசாயிகளாகிவிடுவார்கள்" என்றார். கதாநாயகியின் தந்தைக்கு 'சபுரோ' என்ற பெயர் வந்தபோதுதான் முதல் முறையாகத் தலையசைத்தார். மூன்றாம் மகன் என்பது அதன் பொருள். அப்படிப்பட்ட வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள்.

எழுதி முடித்தேன். குடும்பப் பெயர் முன்னே, இயற்பெயர் பின்னே, அவர்கள் வழக்கப்படி. கைப்பிரதியில் அந்தக் குடும்பப் பெயர் வருமிடமெல்லாம் அவரே எழுத்தெண்ணி, உச்சரிப்புக் கேட்டுச் சரிபார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர், அந்த ஒரு சொல்லின் தமிழ் வடிவத்தை மட்டும் தெரிந்துவைத்திருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் நடத்திய சிறிய வெளியீட்டு முயற்சி ஒன்று அதை அச்சிட முன்வந்தது. பதிப்பாசிரியர் என்னைவிட மூத்தவர், ட்ராம் ஓட்டுபவர், வாசிப்புப் பழக்கம் உள்ளவர் என்று நான் மதித்தவர். அச்சாகி வந்த முதற்படியை ஒரு வியாழக்கிழமை என் கையில் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துப் புரட்டினேன். முப்பதாம் பக்கத்தில் நிறுத்தினேன். முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். குடும்பப் பெயர் எங்குமே இல்லை. கதாநாயகியின் இயற்பெயருக்குப் பக்கத்தில் 'சபுரோ' என்று நின்றது. அவளுடைய அக்காளுக்கும் 'சபுரோ'. தாய்க்கும், கணவன் பெயர் என்ற வகையில், 'சபுரோ'. ஒரு வீடு நிறையப் பெண்கள், ஒவ்வொருத்தியும் மூன்றாம் மகன்.

தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணை, பேருகளை ஆர் மாத்தினது?"

"நான்தான் தம்பி. ஒரே பேர் எல்லாருக்கும் முன்னாலை நிண்டுது. தேப்பன், தாய், பெட்டையள், எல்லாருக்கும் அதே பேர். ஆர் ஆரெண்டு பிடிபடேல்லை. அது ஊர்ப்பேராக்கும் எண்டு எடுத்துப்போட்டு, தேப்பன்ரை பேரைப் போட்டுவிட்டனான். இப்ப வடிவா விளங்குது."

"அது குடும்பப் பேர் அண்ணை. அந்தப் பேருக்காகத்தான் அந்த மனுசி கதையைத் தந்தது."

"தேப்பன்ரை பேர் இல்லாமல் பிள்ளைக்கு என்னப்பா பேர்? எங்கட சனம் அப்பிடித்தானே வாசிக்கும்."

"சப்பானிலை அப்பிடி ஒரு சனமும் இல்லை."

"சப்பானிலையிருந்து ஆர் வந்து வாசிக்கப் போகினம்? அந்த மனுசிக்குத் தமிழ் தெரியாதுதானே. நீர் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

இதே மனிதர், இந்நாட்டு அலுவலகங்களில் எங்கள் தந்தையரின் பெயர்களைக் குடும்பப் பெயர்களாக்கி, செத்துப்போன தகப்பனின் பெயரை மருத்துவ நிலையத்தில் கூப்பிட்டு மகனை எழுப்புகிறார்கள் என்று மேடைதோறும் முழங்கியவர். ஒரே வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வெவ்வேறு கடைசிப் பெயர்; விமான நிலையத்தில் என் பிள்ளை எனக்குப் பிறந்ததுதானா என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். இத்தனையும் பட்ட ஒருவர், எவரும் கேளாமலே அதே வேலையை இன்னொரு குடும்பத்துக்குச் செய்து, விளங்குகிறது என்று மகிழ்கிறார். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நான் கற்பித்த மொழியில் அவ்வளவு கீழான சொற்கள் எனக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் அமைதியாகச் சொன்னார்: "மெய்ப்புப் பாத்தது நீர்தானே தம்பி. பேர் மாத்தின பிறகுதான் உமக்கு அனுப்பினனான்."

உண்மை. மெய்ப்பை நான் இருமுறை படித்திருந்தேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம், தவறான பன்மை, பிழையான நிறுத்தற்குறி என்று பக்கந்தோறும் சிவப்பு மையால் நிரப்பியிருந்தேன். தாளை எடுத்துப் பார்த்தேன். 'சபுரோ' என்ற சொல்லின் பின் ஓர் ஒற்றைக்கூட நானே திருத்தியிருந்தேன். மகளின் பெயரோடு தந்தையின் பெயர் நின்றது, என் தமிழ்க் கண்ணுக்கு அது இயல்பாக இருந்தது, கடந்து போய்விட்டேன். பதிப்பாசிரியர் செய்தது அறியாமை. நான் செய்ததற்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது.

வெளியீட்டு விழாவை நிறுத்தச் சொன்னேன். மண்டபம் எடுத்தாயிற்று, ஸ்ட்ரோம்மனிலிருந்தும் துரொண்ட்ஹெய்மிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், முடியாது என்றார்கள். அப்படியானால் மேடையில் சொல்வேன் என்றேன். சரி, சொல்லும் என்றார்கள்.

சொன்னேன். குத்துவிளக்கு ஏற்றி, வாழ்த்துரைகள் முடிந்து, ஏற்புரைக்கு என்னை அழைத்தபோது எழுந்து நின்று, "இந்த நூல் பிழையானது. இதன் மையமான பெயர் இதில் இல்லை. அதற்கு நானே பொறுப்பு. தயவுசெய்து ஒருவரும் வாங்காதீர்கள்" என்றேன். மண்டபத்தில் முதலில் ஒரு புன்னகை பரவியது. பிறகு கைதட்டினார்கள். தமிழ்மேடையில் ஏறுகிறவன் முதலில் தன்னைத் தாழ்த்திக்கொள்வான் அல்லவா. அவையடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "படிச்ச மனுசன், பாத்தியே பணிவை" என்றது எனக்குக் கேட்டது. நான் மீண்டும் சொன்னேன். குரலை உயர்த்திச் சொன்னேன். இன்னும் உரக்கத் தட்டினார்கள். வாசலில் அடுக்கியிருந்த நூல்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

விழாவுக்கு அந்த ஜப்பானியப் பெண்மணி வரவில்லை. முதல்நாளே சலவைக்கூடத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மெய்ப்பைப் பற்றியும் மறைக்கவில்லை. நூலைக் கேட்டு வாங்கினார். தாம் தெரிந்துவைத்திருந்த அந்த ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடி, பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். இல்லையென்று நான் சொல்லியும் கடைசிப் பக்கம்வரை தேடினார்.

"இரண்டு முறை படித்தீர்களா?"

"ஆம்."

"இரண்டு முறையும் தெரியவில்லையா?"

அவர் நூலை மூடி என்னிடமே தந்துவிட்டு, அடுத்த விரிப்பை எடுத்தார். வழக்கம்போல் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நாங்கள் மடித்தோம். அடுத்த பதிப்பில் திருத்திவிடுவேன் என்றேன். எங்கள் நூல்களுக்கு அடுத்த பதிப்பு வருவதில்லை என்பதை அவருக்கு நானே முன்னொரு நாள் வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன்.

அப்பெயரை இங்கேனும் எழுதிவிடலாமே என்று இதைப் படிப்பவர் கேட்கக்கூடும். எழுத மாட்டேன். ஒருமுறை நம்பித் தந்தார். அதைத் தொலைத்த கையால் மறுபடி எடுத்து எழுத எனக்கு அனுமதியில்லை. கேட்கவும் நா எழவில்லை.

விழாவுக்கு மறுவாரம் எங்கள் மேற்பார்வையாளர், நல்ல மனம் படைத்த ஒரு நோர்வேஜியப் பெண், மதிய உணவு அறைக்குள் வந்து, ஜப்பானியப் பெண்மணியிடம் அவருடைய குடும்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறதாமே, உண்மையா என்று ஆவலோடு கேட்டார். நான் எதிரில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"புத்தகம் வந்தது உண்மை. வேறு யாரோ ஒரு குடும்பத்தைப் பற்றியது" என்றார் அவர்.