டிஸ்க் பிரேக்கும் தேங்காய் எண்ணெயும்

நான் பயந்தாங்கொள்ளி. இதை என் மனைவி ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள், இனி நான் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வாகனக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருக்கிறேன். காலையில் போய் கம்ப்யூட்டரைத் திறந்தால் நசுங்கிய ஸ்கூட்டர், ரத்தம் காய்ந்த சட்டை, லாரிச் சக்கரத்தடியில் ஒற்றைச் செருப்பு என்று படம் படமாக வரும். அதையெல்லாம் பார்த்துவிட்டு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறவனுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் "பைய, பைய" என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மெதுவாகப் போ என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன அன்றைக்கு ரயிலைப் பார்த்தே "பைய" என்றேனாம். அதையும் என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

இப்படிப்பட்டவனிடம் வந்து, போன வருடம் மழை ஓய்ந்த கையோடு, "எனக்கு ஒரு கியர் சைக்கிள் வேணும்" என்றாள்.

அவள் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐம்பதை நெருங்குகிறாள். சர்க்கரை கூடிவிட்டது, நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடந்தும் பார்த்தாள். எங்கள் ஊரில் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வாசலுக்கு வாசல் "டீச்சரே, எங்க போறிய?" என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால், "வந்தது வந்திய, ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். சீனி அள்ளிப் போட்ட சாயா. சர்க்கரையைக் குறைக்க நடந்தவள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சைக்கிள்ல போனா ஒருத்தியும் பிடிச்சு நிறுத்த மாட்டா" என்றாள்.

"லாரி நிறுத்தும்" என்றேன்.

எங்கள் வீட்டுச் சாலை வளைவு வரைக்கும் சமமாகப் போகும். வளைவு தாண்டியதும் நேராக இறக்கம். ஒரு பக்கம் வெட்டி எடுத்த செம்மண் கரை, மறுபக்கம் மரச்சீனி விளை, மரவள்ளித் தோட்டம். இறக்கம் போய் முட்டுவது மெயின் ரோட்டில். அந்த ரோட்டில் கல்லும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர் லாரிகள் கேரளத்தைப் பார்த்துப் பறக்கும். பள்ளிக்கூடமோ, சர்ச்சோ, மீன் சந்தையோ, எங்கே போகவும் அந்த இறக்கத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாவ. உங்களுக்கு உருண்டதெல்லாம் பேயாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்து டீச்சர்மார் சேர்ந்து போட்ட சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது. அந்தப் பணத்துக்குள் சைக்கிளும் சாமான்களும் முடிய வேண்டும், என்னிடம் ஒரு பைசா வாங்கமாட்டேன் என்று வீறாப்பு. தடுக்க முடியாது என்று தெரிந்ததும் நான் படிக்க உட்கார்ந்தேன். தினமும் போனில் சைக்கிள் வீடியோதான். குறைந்த பணத்தில் வாங்குகிறவர்கள் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த வண்டியில் மயங்கக் கூடாது, அது வெறும் கனம், முன்பக்கம் மட்டும் இருந்தால் போதும் என்றார்கள். கியர் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை என்றார்கள். உயரத்துக்கு ஏற்ற ஃப்ரேம் முக்கியம் என்றார்கள். இதையெல்லாம் விட நான் அதிகம் பார்த்தது பிரேக் பிடிக்காமல் போய் விழுகிற வீடியோக்களைத்தான். பயந்தவனுக்கு அதில் ஒரு ருசி. பார்க்கப் பார்க்க உடம்பு வேர்க்கும், கை அடுத்ததைத் தொடும்.

மழையில் ரிம்மைப் பிடிக்கிற சாதாரண பிரேக் வழுக்கும், டிஸ்க் பிரேக் நின்று பிடிக்கும் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். சக்கரத்தின் நடுவில் தட்டு மாதிரி இருக்கிற அந்த டிஸ்கில் எண்ணெய் மட்டும் படவே கூடாது, பட்டால் தட்டைப் பிடிக்கிற கட்டை எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு ஆயிரம் அமுக்கினாலும் பிடிக்காது என்பதும் தெரிந்தது. அதைக் கேட்டு நான் சிரித்தேன். பிரேக்கில் போய் எந்த மடையன் எண்ணெய் விடுவான்?

நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். அவள் கண் நேராகப் போய் விழுந்தது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சிவப்பு வண்டியில். "இது கொள்ளாம்" என்று மெச்சினாள். நான் கூடாது என்றேன். பெல்லைத் தவிர எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி கேட்டேன். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சாரே, நீங்க சைக்கிள் வாங்க வந்தியளா, கேஸ் எழுத வந்தியளா?"

"அவிய ரெண்டுக்கும் சேத்துத்தான் வந்திருக்காவ" என்றாள் இவள்.

கடைசியில் முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்த ஒரு சாம்பல் நிற வண்டி. டிஸ்க் பிரேக்கில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "புதுசுல கீச்சுண்ணு சத்தம் வரும், ஓட ஓட சரியாவும்" என்றார் கடைக்காரர்.

பிறகுதான் சண்டை. இந்த மாதிரி வண்டியை மொட்டையாகத்தான் விற்கிறார்கள். ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, மணி கிடையாது, எல்லாம் தனிக் காசு. சீட்டுப் பணத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுக்குத்தான் காணும். அதிலும் இவள் முன்னால் மாட்டுகிற கூடை வேண்டும் என்றாள். மலையேறுகிற சைக்கிளில் கூடையா என்று கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

"மலையேறவா போறேன்? மீனு வாங்கப் போறேன்" என்றாள்.

ஹெல்மெட்டுக்கும் லைட்டுக்கும் பணமில்லை. ஹெல்மெட் இல்லாமல் வண்டி கடையை விட்டு இறங்காது என்று நான் வாசலில் நின்றேன். என் சட்டைப் பையிலிருந்துதான் வாங்கினேன், பின்னால் மினுக்குகிற சிவப்பு லைட்டும் சேர்த்து. தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தவள், "சட்டியக் கவுத்த மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டபோதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

தினமும் காலையில் அவள் கிளம்பும்போது கேட்டில் நின்று, அந்த ஹெல்மெட் வளைவில் மறைகிற வரைக்கும் பார்ப்பேன். மறைந்த பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இறக்கத்திலிருந்து பிரேக் சத்தம் கேட்கும். கடைக்காரர் சொன்னது சும்மா இல்லை. பன்றியைப் பிடித்துக் கட்டினாற்போல ஒரு கீச்சல். அது கேட்டால் எனக்கு மூச்சு வரும். கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குக் கொஞ்சம் பிந்திப் போனாள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் பிரேக் போட்டிருக்கிறாள். உள்ளே அத்தனை தலையும் திரும்பியதாம், போதகரே ஜெபத்தை நிறுத்திவிட்டாராம். வீட்டுக்கு வந்து, "மானம் போச்சு" என்று சேலை மாற்றக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். ஓட ஓடச் சரியாகும் என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் கிளம்பினாள். "பைய" என்றேன். வளைவில் மறைந்தாள். காதைத் தீட்டினேன். சத்தம் வரவில்லை.

சத்தம் போய்விட்டதே, சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு திரும்பினேன். முன்வாசல் சிட் அவுட்டில், சைக்கிள் நிற்கிற இடத்தில், சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாகப் பளபளவென்று கிடந்தது. சுவரோரம் ஒரு கிண்ணம், அதில் ஒரு கோழி இறகு. குனிந்தேன். தேங்காய் எண்ணெய் மணம்.

எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்க்கு அடங்காதது கிடையாது. தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், முட்டுவலிக்கும் அதுதான். கதவு கீச்சிட்டால், தையல் மெஷின் முரண்டினால், கட்டில் முனகினால், இறகில் தொட்டு ஒரு சொட்டு. பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த கை. சனிக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், கீச்சிட்ட இரண்டு டிஸ்கிலும் பதமாகத் தடவி வைத்திருக்கிறாள்.

போன் அடித்தேன். அடுக்களையில் சார்ஜில் கிடந்து அது அடித்தது. என் இயேசப்பா! உடுத்தியிருந்த கைலிச் சாரத்தோடு ஸ்கூட்டரில் ஏறினேன். தெருவில் யாரோ என்னவென்று கேட்டார்கள், நான் ஏதோ கத்தினேன். அலுவலகத்தில் பார்த்த படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் அவள் சேலை. வளைவில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. கீழே ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

இறக்கத்தின் பாதியில் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. மரச்சீனி விளையின் கல் வரப்பில் கூடை நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஹெல்மெட், நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விரிந்து. அவளைக் காணவில்லை.

"ஏட்டி!" என்று கத்தினேன். கல்யாணமான நாள் முதல் அவளை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அண்ணே, பேடிக்காதிங்க. மைனி இஞ்ச இருக்காவ" என்று கீழிருந்து குரல் வந்தது. இறக்கத்தின் அடியில் பெட்டிக்கடை வைத்திருக்கிற பெண். அவள்தான் ஓடி வந்து தூக்கிக் கடைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாள். என் மனைவி இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. லாரியைப் பார்த்திருக்கிறாள். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் ஹேண்டிலை விளைக்குள் ஒடித்திருக்கிறாள்.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தோள் எலும்பில் விரிசல், மற்றபடி தோல் பிய்ந்தது மட்டும்தான். எக்ஸ்ரே எடுக்க உட்கார்ந்திருந்தபோது, "ஹெல்மெட்டு இல்லேண்ணா உன் கதை முடிஞ்சிருக்கும்" என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க வளைவு வரைக்கும் பாத்துட்டு நிப்பிய இல்லியா? வளைவு தாண்டினதும் தெனமும் கழத்திக் கூடையில போட்டுருவேன். இண்ணைக்கு நேரமாச்சுண்ணு ஒரே ஓட்டத்துல போனதுல மறந்துபோச்சு."

மறந்துபோச்சு. அந்த ஒரு சொல்லில்தான் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எண்ணெய் விட்ட கதையை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். கணக்கு டீச்சர், பிள்ளைகள் சிரிக்கும். ரோட்டில் கல் கிடந்தது என்று ஊருக்குச் சொன்னோம். ஊர் நம்பியது.

தோள் சரியானது. சர்க்கரை மறுபடி கூடியது. சைக்கிள் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. ஒரு நாள் அவளாகவே, "அத வித்துரலாம்" என்றாள். நான் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. வேறொரு பயம் வந்தது. பஸ்ஸில் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். நான் ஸ்கூட்டர் ஓட்டும்போது பின்னாலிருந்து "பைய, பைய" என்றாள். ஒரு வீட்டுக்கு என்னைப் போல ஒருத்தன் போதாதா? இவளும் இப்படியானால் என்னைப் பார்த்துச் சிரிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நாகர்கோவிலுக்குப் போய் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றி, டிஸ்கை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொண்டுவந்தேன். புது ஹெல்மெட்டும் வாங்கினேன். என் பணம்தான், அவள் மறுக்கவில்லை. "ஒரு தடவ இறங்கிப் பாரு. பிடிக்கல்லேண்ணா வித்துரலாம்" என்றேன். வண்டியைப் பார்த்துக்கொண்டே சரியென்றாள்.

அவளை மேலே விட்டுவிட்டு நான் கீழே மெயின் ரோட்டு முனையில், பெட்டிக்கடை முன்னால் நின்றேன். போன் வந்தது.

"லாரி வருதா?" குரல் நடுங்கியது.

இரண்டு பக்கமும் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். "பைய" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவள் ஏறமாட்டாள் என்று தெரிந்தது. விழுங்கினேன்.

"ஒண்ணும் வரல்ல. வா."

வளைவுக்கு மேலே சத்தமே இல்லை. நான் ரோட்டைப் பார்ப்பதா இறக்கத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். அப்போது கேட்டது. காதைக் கிழிக்கிற கீச்சல், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அடிக்கும். அதற்குப் பிறகுதான் ஆள் தெரிந்தது. வளைவைத் தாண்டியும் ஹெல்மெட் தலையிலேயே இருந்தது.

கடைக்காரப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அம்மாடி, என்ன சத்தம்! அண்ணே, அதுக்கு இத்திரி தேங்காண்ணெ, ஒரு சொட்டு விடப்பிடாதா?"

"வேண்டாம் பிள்ளே, கீச்சட்டும்" என்றேன். "நல்லா கீச்சட்டும்."