மச்சான் பிடித்த கப்பல்

என் மனைவியின் தம்பி கனடாவில், மார்க்கம் நகரில் இருக்கிறான். கெட்டிக்காரன், நல்லவன், எல்லோருக்கும் பிடித்தவன். எனக்கு மட்டும் அவனைக் கண்டால் வயிறு எரியும். ஒளிப்பானேன், பொறாமைதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை மறித்து நின்றது. அதற்குள் புகுந்து களவாகச் சாமான் கொண்டுபோன நீராவிக் கப்பல்கள் இருந்தன. போர்க்காலத்தில் சவர்க்காரக் கட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த ஊரில் வளர்ந்த எனக்கு அவற்றில் ஒரு பைத்தியம். ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் குந்தியிருந்து, இரண்டு வருடமாக அப்படியொன்றின் சிறு மாதிரியை மரத்தில் செய்தேன். சாம்பல் நிறமும் பூசினேன். பிறகுதான் பார்த்தேன், கப்பலின் அடியில் நீளத்துக்கு ஓடும் அடிக்கட்டையைக் கோணலாக ஒட்டியிருக்கிறேன். முன்பக்கம் இடதுபுறம் இழுத்துக்கொண்டு நின்றது. வந்த கோபத்தில் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அஜக்ஸ் நகருக்கு வீடு மாறியபோது, "சும்மா கிடக்கிறதுதானே" என்று மனைவி அதைத் தம்பியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

போன மாதம் அது ஸ்காபரோ நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. அவன் அதைப் பிடிபட்ட கப்பலாக மாற்றியிருந்தான். அந்தக் காலத்தில் வடக்கின் கடற்படை அப்படியொரு களவுக் கப்பலைப் பிடித்து, பீரங்கி ஏற்றி, முன்பு அதோடு கூடத் திரிந்த கப்பல்களையே துரத்த விட்டதாம். கறுப்புப் பூச்சு, குட்டிக் குட்டிப் பீரங்கிகள், நூலில் திரித்த கயிறுகள். சனியன், அவ்வளவு வடிவு! பக்கத்து அட்டையில் அவன் பெயர் மட்டும். என் பெயரைக் குனிந்தும் தேடினேன். இல்லை.

"எங்கட தம்பிக்குக் கையெண்டால் கை!" என்றாள் மனைவி. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உதென்ன முன்பக்கம் கோணி நிக்குது? அடிக்கட்டையை நேரா ஒட்டத் தெரியாத ஆக்கள் கப்பல் செய்ய வெளிக்கிட்டா உப்பிடித்தான்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் யாரை ஏசினேன் என்று உறைத்தது. ஓர் அன்ரி கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார்.

"ஓம், கோணல்தான். அடி ஆர் தம்பி செய்தது?"

மச்சான் என்னை ஒருக்கால் பார்த்தான். மாட்டிவிடப் போகிறான் என்று நின்றேன்.

"நான்தான் அன்ரி. அத்தான் சொல்லுறது சரி. அது என்ர பிழை."

மனைவி என்னை முறைத்தாள். அந்தக் கப்பலில் என்னுடையதென்று மிச்சமிருந்தது அந்தக் கோணல் ஒன்றுதான். அதையும் அவன் கொண்டுபோய்விட்டான்.